மரம் இளைக்குமா?

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் மருமகனும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்துக்கு நடுவில் யாருக்கும் மீட்டிங் வராது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடு பரவாயில்லை. இரண்டே அறை, ஒரே மேஜை. நானும் என் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து படிக்கிறோம், என்னைவிட அவன் சீக்கிரம் முடித்துவிட்டு என் நோட்டை எட்டிப் பார்க்கிறான். போன மாதம் வாங்கின சட்டையில் இப்போதே மணிக்கட்டு வெளியே தெரிகிறது. அவன் அப்பாவின் கப்பல் அக்டோபரில்தான் கரைக்கு வருமாம். நீ குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தை இந்த வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறேன். வீடு மாறினால் முதலில் அடிக்கிற ஆணி அதற்குத்தான்.

நாற்பத்து மூன்று வயதில் வன இலாகா என்னைப் படிக்க அனுப்பியபோது, இருபது வருஷம் காட்டிலேயே கிடந்தவளுக்குக் காட்டைப் பற்றிப் பாடமா என்று சிரித்தவர்களில் நீயும் ஒருவன். மறந்திருக்க மாட்டாய். ஆனால் உண்மையைச் சொன்னால் முதல் வருஷம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் தினமும் மிதித்துக்கொண்டு போன சருகுக்குக் கீழே இத்தனை உயிர் வேலை செய்கிறது என்று தெரிந்தபோது, இத்தனை நாள் அண்ணாந்து மட்டுமே பார்த்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. நம் துறை வராந்தாவில் பதக்கம் வாங்கியவர்களின் பலகை இருக்கிறதே, அதில் உன் பெயரைக் காட்டி "என் தம்பி" என்று சொல்லாத ஆள் இல்லை. காவலாளிக்குக்கூட இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

இனி என் வயிற்றெரிச்சல். நீயும் இதே படிப்பைப் படித்தவன், உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இருந்தாலும் கோபம் வரிசையாக வெளியே வரட்டும் என்று ஆதியிலிருந்து சொல்கிறேன்.

சரிவுக்காட்டில் அளவைத் திடல் இருக்கிறதல்லவா? நானூற்றுப் பன்னிரண்டு மரம், ஒவ்வொன்றிலும் அலுமினியத் தகட்டில் எண், மார்பளவு உயரத்தில் மஞ்சள் பெயின்ட் வளையம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்கள் போய் அந்த வளையத்தில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். இந்த முறை எங்கள் முறை. நானும், என் பெஞ்சில் உட்காரும் பெண்ணும் போனோம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. சரிவில் பக்கவாட்டிலேயே நடப்பதால் அவளை நண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பிப்ரவரியும் மார்ச்சும் அங்கேயே கிடந்தோம். காலில் அட்டை, கழுத்தில் உண்ணி, மதியச் சாப்பாட்டில் எறும்பு. ஒரே ஒரு மரம்தான் அகப்படவில்லை, மற்றதை எல்லாம் விடாமல் அளந்தோம்.

ஊருக்கு வந்து பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், முக்கால்வாசி மரம் இளைத்திருக்கிறது! முப்பத்தொன்றாம் எண் மரத்தை எடுத்துக்கொள். பதினைந்து வருஷத்துக்கு முன் 118 சென்டிமீட்டர் சுற்றளவு. அப்புறம் 124, 130, 136. மூன்று வருஷத்துக்கு முன் 142. என் டேப்பில் 128. நான் இரண்டு முறை அளந்தேன், நண்டு இரண்டு முறை அளந்தாள். 128தான்.

துறைத்தலைவரிடம் கொண்டு போனேன். உனக்குப் பாடம் எடுத்த அதே மனிதர்தான். இப்போது மாணவர்கள் அவருக்கு 'சராசரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எதைக் கேட்டாலும் "சராசரி எடுத்தா சரியாப் போயிடும்" என்பதால். அவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "மரம் இளைக்குமா? நீங்க டேப்பை இறுக்கிப் பிடிச்சிருப்பீங்க" என்றார். இறுக்கவில்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் குள்ளம், அதான் கீழே அளந்திருப்பீங்க" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. பெயின்ட் வளையம் இருக்கும்போது குள்ளம் என்ன, நெட்டை என்ன? அப்படியே கீழே அளந்திருந்தாலும் அடிமரம் பருமனாகத்தானே இருக்கும், அளவு கூடத்தானே வேண்டும் என்று கேட்டேன். பக்கத்தில் நண்டு சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, திருத்திக் கொண்டு வரச் சொன்னார். எதைத் திருத்துவது? மரத்தையா?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் உன் வகுப்பும் அந்தத் திடலை அளந்திருக்கிறது, பதிவேட்டில் வருஷம் இருக்கிறது. உங்களுக்கு அப்போது எப்படி இருந்தது? மரம் அவ்வளவு வேகமாகத்தான் வளர்ந்துகொண்டிருந்ததா? நினைவிருந்தால் விவரமாக எழுது.

வேளைக்குச் சாப்பிடு. உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா


ஆகஸ்ட் 30, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு வரி கிடைத்தது. "அவர் சொல்றபடி செஞ்சுட்டு டிகிரியை வாங்கிட்டு வாக்கா. இந்த வயசுல சண்டை எதுக்கு?" மூன்று பக்கத்துக்கு இரண்டு வரி. அந்த இரண்டில் ஒன்று என் வயதைப் பற்றி. நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. என்னடா ஆயிற்று உனக்கு? சின்ன வயதில் விளையாட்டில் ஒரு பையன் கள்ளக் கோடு போட்டான் என்று நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தவன் நீ.

எனக்கு டிகிரி வேண்டாம் என்று யார் சொன்னது? வேண்டும். ஆனால் இது என் மதிப்பெண் விஷயம் இல்லை. சரிவில் மரம் வருஷத்துக்கு எவ்வளவு பருக்கிறது என்று பல்கலைக்கழகம் சொல்லும். வளர்கிற அளவுக்கு வெட்டு, அதற்கு மேல் கை வைக்காதே என்று அதை வைத்துத்தான் இலாகா பத்து வருஷத் திட்டம் எழுதும். வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று பதிவேடு சொல்கிறது. என் அளவுப்படி முக்கால்கூட இல்லை. அப்படியென்றால் வெட்ட வேண்டியதைப்போல் மூன்று மடங்கு வெட்டிக்கொண்டிருக்கிறோம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று?

அந்தக் கேட்கிறவன் வேறு யாரும் இல்லை, நான்தான். போன திட்டத்தில் எந்த மரத்தை வெட்டுவது என்று முத்திரைச் சுத்தியால் குத்தினது இந்தக் கைதான். ஒன்பது வருஷம் குத்தினேன். கீழே ஓடையில் கோடையிலும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும், இப்போது ஏப்ரலிலேயே வெறும் கல். மழை குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். புதுத் திட்டம் அடுத்த மாதக் கடைசியில் முடிவாகிறது. படிப்பு முடிந்து நான் திரும்பிப் போகிற இடமும் அதே சரிவு, அதே சுத்தி.

இப்போது கேள், இதைக் கேட்டால் உனக்கே ரத்தம் கொதிக்கும். போன வாரம் திரும்பவும் திடலுக்குப் போனோம். 147ஆம் எண் மரத்தை மட்டும் மார்ச்சில் எங்களால் கண்டுபிடிக்க முடிந்திருக்கவில்லை. பதிவேட்டில் அதுதான் திடலிலேயே பெரிய மரங்களில் ஒன்று, சுற்றளவு 211. அவ்வளவு பெரிய மரம் எங்கே ஒளிந்துகொள்ளும்? திடலைக் காக்கிற வாட்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நேராக ஒரு பாசி மேட்டுக்குப் போய்க் காலால் தட்டினார். மேடு இல்லை, விழுந்து மக்கிப்போன மரம். கையை விட்டால் மாவாக உதிர்கிறது. பாசியைச் சுரண்டினேன், தகடு வந்தது. 147.

எப்போது விழுந்தது என்று கேட்டேன். "என் குடிசைக் கூரை பறந்துச்சே, அந்தப் புயல்லதான் சாஞ்சது. பதிமூணு வருஷம் ஆச்சு" என்றார். பதிமூன்று வருஷத்துக்கு முன் செத்த மரத்தை அதற்கப்புறம் நான்கு முறை அளந்திருக்கிறார்கள் தம்பி! ஒவ்வொரு முறையும் ஆறு, ஏழு சென்டிமீட்டர் கொழுத்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், முழு மரத்தைக் காகிதத்தில் நட்டு வளர்ப்பார்கள் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

தகட்டைச் சராசரியின் மேஜையில் வைத்தேன். இந்த மூன்று வருஷத்துக்குள் விழுந்திருக்கும் என்றார். வாட்சர் சொன்னதைச் சொன்னேன். "வாட்சர் பேச்செல்லாம் சான்று ஆகுமாம்மா? நாலு வகுப்பு அளந்த அளவு ஒரு பக்கம், நீங்க ஒருத்தி ஒரு பக்கம்" என்றார். நாங்கள் இரண்டு பேர் என்றேன். அவர் நண்டைப் பார்த்தார். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள்.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். மேற்கொண்டு ஆராய்ச்சிக்குச் சேர அவர் கையெழுத்து வேண்டும் அவளுக்கு. திருத்திய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, கான்டீன் படியில் உட்கார்ந்து அழுதாள். அவளை நான் திட்டவில்லை. இருபத்திரண்டு வயதுக் குழந்தையை மடக்குகிற மனிதரை நினைத்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 28ஆம் தேதி திட்டத்தை முடிவு செய்கிற குழு கூடுகிறது. அதற்குள் நானும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் என் அறிக்கை செல்லாது, தேர்ச்சி இல்லை என்று இலாகாவுக்கு எழுதிவிடுவார்களாம். பழைய அளவை நோட்டுகள் ஸ்டோர் அலமாரியில் இருக்கின்றன. காட்டில் நின்று எழுதின நோட்டு, டைப் அடித்த பதிவேடு இல்லை. சாவி தொலைந்துவிட்டது என்கிறார்கள். தொலைந்த சாவி எங்கே இருக்கும் என்று இருபது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா?

இந்த முறையாவது ஒழுங்காகப் பதில் எழுது. உன் துணை எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 17, வியாழன்

தம்பி,

இந்தக் கடிதத்தைப் போனில் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்புகிறேன். தபாலிலும் போடுகிறேன். போனில் பேசப் போவதில்லை. பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி விடு என்று சொல்லிவிடுவேன்.

சாவி கிடைத்தது. ஸ்டோர் கதவுக்குப் பின்னாலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நண்டுதான் எடுத்து வந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் நோட்டு பதினைந்து வருஷத்துக்கு முந்தையது. திறந்ததும் காட்டு வாடை. மழைத் துளி விழுந்து மை கலைந்திருக்கிறது, ஒரு பக்கத்தில் அட்டை நசுங்கிய கறை, பேனா தீர்ந்து பென்சிலில் தொடர்ந்திருக்கிறார்கள். அளவு மேலும் கீழும் துள்ளுகிறது. காட்டில் எழுதின நோட்டு அப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது நோட்டு பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. சுத்தமாக இருந்தது தம்பி. ஒரு கறை இல்லை, ஒரு மடிப்பு இல்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே பேனா. முதல் நோட்டின் அளவைக் கழித்து வித்தியாசத்தைப் பார்த்தேன். 5, 6, 7, 6, 5 என்று சுற்றிச் சுற்றி வருகிறது. காடு என்ன அணிவகுப்பா நடத்துகிறது? எந்தச் சோம்பேறி கட்டிலில் படுத்துக்கொண்டு இதை எழுதினான் என்று வாய்விட்டே திட்டினேன். அப்புறம்தான் ஏழுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. அந்தக் கோட்டுக்காக மூன்றாம் வகுப்பில் என்னிடம் எத்தனை குட்டு வாங்கியிருப்பாய்!

அப்போதுகூட மனசு ஒப்பவில்லை. ஊரில் ஏழுக்குக் கோடு போடுகிறவன் இவன் ஒருத்தன்தானா என்று பக்கத்தைப் புரட்டினேன். 130 முதல் 160 வரை மரங்கள். மேலே தேதி. பிப்ரவரி 11.

பிப்ரவரி 11 என் மகன் பிறந்த நாள்.

அன்று நீ சரிவில் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாய். இவர் கடலில். அம்மா அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். எனக்கு யார் இருந்தார்கள் உன்னைத் தவிர? பயமாக இருக்கிறது என்று இரண்டு நாள் முன்பே நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன், அன்று சாயங்காலமே பஸ் ஏறி வந்தாய். நான் ஒரு நாள் முழுக்க நினைவில்லாமல் கிடந்தேனாம். குழந்தையை முதலில் உன் கையில்தான் கொடுத்தார்கள். ஒரு மாதம் பெஞ்சில் படுத்து எழுந்தாய். படிப்பு என்னடா ஆகும் என்று கேட்டதற்கு, "லீவு சொல்லிட்டேன், நீ பேசாம கண்ணை மூடுக்கா" என்றாய். நான் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

லீவு சொல்லவே இல்லை, இல்லையா? திரும்பிப் போனபோது கெடு முடிந்திருக்கும். அந்த வருஷம் அளவை உன் ஒருவன் தலையில்தான் விழுந்திருக்கும், நோட்டு காலி. ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து பழைய அளவோடு ஐந்தும் ஆறும் கூட்டி எழுதினாய். 147 முந்தின மழையிலேயே விழுந்துவிட்டது உனக்கு எப்படித் தெரியும்? நீ போகவே இல்லையே. கீழே ஒவ்வொரு பக்கத்திலும் அந்த மனிதர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கண்ணைத் திறந்து பார்த்தாரா, பார்த்தும் போட்டாரா, எனக்குத் தெரியாது.

உனக்கு அடுத்து வந்தவர்களின் நோட்டையும் பார்த்தேன். அவர்கள் நிஜமாகவே போயிருக்கிறார்கள், தாளில் மண் இருக்கிறது. பென்சிலில் உண்மையான அளவை எழுதியிருக்கிறார்கள். உன் அளவைவிட எல்லாம் குறைவு. மரம் இளைக்குமா என்று அவர்களையும் கேட்டிருப்பார். ரப்பரால் அழித்துவிட்டு மேலே பேனாவில் கூட்டி எழுதியிருக்கிறார்கள். 147க்கு நேரே ஒரு கேள்விக்குறி, அதையும் அழித்திருக்கிறார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரிகிறது. அதற்கப்புறம் வந்த இரண்டு வகுப்பும் அங்கே போன மாதிரியே தெரியவில்லை. நீ ஒரு முறை போட்ட பொய்யைக் குறைக்க யாருக்கும் தைரியம் இல்லை, கூட்டத்தான் முடிந்தது.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? எனக்காக வந்தாய் என்பதால் கோபம் குறையும் என்று பார்த்தேன், இன்னும் ஏறுகிறது. நான்கு நாள் தள்ளி அளக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா உனக்கு? அந்த நோட்டுக்கு மேல் பதக்கத்தை வேறு வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். நான் அக்கம்பக்கம் எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் நீ கட்டிலில் உட்கார்ந்து எழுதினதை நம்பி ஒன்பது வருஷம் நான் சுத்தியைத் தூக்கினேன். போன கடிதத்தில் உன்னையே உனக்கு எதிராகத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன், அதைப் படித்துவிட்டும் மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை நீ! கூப்பிட்டது நான், பொய் எழுதினது நீ, விழுந்தது மரம். இதில் யாரைப் போய் நான் திட்டுவது?

28ஆம் தேதி காலை பத்து மணிக்குக் குழு. நான் கையெழுத்துப் போட மாட்டேன், அது முடிவாகிவிட்டது. தேர்ச்சி இல்லை என்றால் போகட்டும், வனவராகப் போனவள் வனவராகவே திரும்புகிறேன். ஆனால் நான் போடாததால் அந்தச் சரிவு பிழைக்காது. அழுக்கில்லாத நோட்டைக் காட்டினால் பத்திரமாக எழுதினான் என்பார்கள். கோடு போட்ட ஏழைக் காட்டினால் சிரிப்பார்கள். அந்த அளவை எழுதினவன் சொன்னால் மட்டும்தான் எடுபடும். "அந்த வருஷம் நான் திடலுக்குப் போகவில்லை, அளவுகளை அறையில் உட்கார்ந்து எழுதினேன்." இவ்வளவு போதும். உனக்கு இரண்டு வரி எழுதத்தான் வருமே. குழுவுக்கு மெயிலில் அனுப்பு, முகவரியைத் தனியாக அனுப்புகிறேன்.

உனக்கு என்ன போகும் என்று தெரியாமல் கேட்கவில்லை. பலகையிலிருந்து பெயர் போகும். பட்டமே போனாலும் போகும், அங்கே உன் வேலையில் என்ன கேட்பார்களோ தெரியாது. எல்லாம் போய் நீ வந்தால் இந்த இரண்டு அறையில் ஒன்று உனக்கு. அதை யோசிக்காமலே சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நானும் மறைத்தவள் ஆவேன். சுவரில் இருக்கிற படத்தை இன்று கழற்றிப் பார்த்தேன். குழந்தையின் கணுக்காலில் எண் எழுதின பட்டை, அதைப் பிடித்தபடி நீ, கீழே மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி. பிப்ரவரி 11. நீ அன்று எங்கே இருந்தாய் என்பதற்கு உலகத்தில் இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு நினைவு திரும்புவதற்கு முன்னாலேயே என் பிள்ளையை ஏந்திக்கொண்ட கை அது. திரும்பவும் அதே ஆணியில் மாட்டிவிட்டேன். மகன் பள்ளியிலிருந்து வந்து, படம் கோணலாக இருக்கிறதே என்று நேராக்கினான்.

28ஆம் தேதி காலை நான் வீட்டைப் பூட்டிக் கிளம்புகிற வரை அது அங்கேதான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் அந்த மேஜையில் வைக்க என்னை விட்டுவிடாதே, கண்ணா. அதற்கு முன் நீயே சொல்லிவிடு.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற,
உன் அக்கா